பாளையிலிருந்து பாகு வரை: பனைச்சாறும் மேப்பிள் சாறும் – இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மரத்திலிருந்து இனிப்புச் சாற்றை இறக்கிக் காய்ச்சிப் பாகாகவும் கட்டியாகவும் மாற்றும் தொழில் உலகின் பல பகுதிகளில் நிலவுகிறது. வட அமெரிக்காவில் மேப்பிள் மரமும் தென் தமிழகத்தில் பனையும் இத்தொழிலுக்கு அடிப்படையாக உள்ளன. இரண்டிலும் நோக்கம் ஒன்றே, முறைகள் வேறு. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மலையடிவார நிலத்தில் காணலாகும் பனைத்தொழிலை மேப்பிள் தொழிலோடு ஒப்பிட்டு, சாறு ஊறும் இடம், சாற்றைக் காக்கும் வழி, காய்ச்சும் பதம் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது. மேப்பிள் தொழிலில் எளிதாகப் புகுந்த இயந்திரம் பனைத்தொழிலில் புக இயலாமைக்கு மரத்தின் உடலமைப்பே முதன்மைக் காரணம் என்பதும், ஆகவே பனையேறியின் கைத்திறனுக்கு மாற்று இல்லை என்பதும், அத்திறனுக்கு உரிய விலை கிடைக்கத் தடையாக உள்ள கலப்படத்தை ஆய்வகச் சோதனையால் கண்டறிய இயலும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: பனை, பாளை, பதநீர், சுண்ணாம்பு, கருப்பட்டி, மேப்பிள் பாகு, புறக்காழ், அகக்காழ், கலப்படம்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தெற்கே சேத்தூர் தொடங்கி இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக வடக்கே வத்திராயிருப்பு வரை நீளும் நிலம் விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியாகும். மலையை ஒட்டித் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கண்மாய்ப் பாசன வயல்களும் உள்ளன. கிழக்கே சாத்தூரை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் வறண்டு கரிசலாகிறது. இந்நிலத்தின் கண்மாய்க் கரைகளிலும் தோட்டத்து வரப்புகளிலும் மானாவாரிக் காடுகளின் எல்லைகளிலும் நிற்கும் மரம் பனை.

இவ்வட்டாரத்து மக்களுக்கு இனிப்பு என்பது அடுப்போடு தொடர்புடையது. திருவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் அழகர்க்கு நேர்ந்துகொள்ளும் பொருள்களுள் ஒன்று அக்கார அடிசில். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கருப்பட்டி மிட்டாய் பெயர் பெற்றது. தென்மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டும்போது நல்லெண்ணெயுடன் சேர்வது கருப்பட்டியே. ஆயினும் அக்கருப்பட்டி எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தோர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

இன்று தமிழர் பெருந்தொகையினராக வாழும் கனடாவில், காலை உணவின்மீது ஊற்றி உண்ணும் மேப்பிள் பாகு அந்நாட்டின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அந்நாட்டுக் கொடியில் இருப்பதும் மேப்பிள் இலையே. பனையும் தமிழ்நாட்டின் மாநில மரம்தான். ஒரு மரத்தின் சாறு நாட்டின் பெருமையாகவும் ஏற்றுமதிப் பொருளாகவும் வளர்ந்திருக்க, மற்றொன்றின் சாறு இறக்க ஆளின்றிக் குறைந்துவருவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். மக்களின் அக்கறையின்மையைக் காரணமாகக் கூறிவிட்டுச் செல்வது எளிது. ஆயின் மரங்களின் உடலமைப்பையும் சாற்றின் தன்மையையும் நோக்குமிடத்து வேறொரு விடை கிடைக்கிறது.

புறக்காழும் அகக்காழும்

தொல்காப்பியம் மரபியலில் தாவரங்களை இருவகையாகப் பகுக்கிறது. புறத்தே வயிரம் உடையவற்றைப் 'புல்' என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை 'மரம்' என்றும் கூறுகிறது. இப்பகுப்பின்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. பாளை, ஓலை, மடல், ஈர்க்கு போன்ற பெயர்கள் புல்லின் உறுப்புப் பெயர்களாக அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இன்றைய தாவரவியல் பனையை ஒருவித்திலைத் தாவரம் என்றும் மேப்பிளை இருவித்திலைத் தாவரம் என்றும் வகைப்படுத்துகிறது. இரு பகுப்புகளும் முற்றிலும் ஒன்றல்ல எனினும், நம் பொருளுக்கு இன்றியமையாத வேறுபாட்டை இரண்டுமே சுட்டுகின்றன.

மேப்பிள் அகக்காழ் மரம். அதன் பட்டைக்கு உட்புறம் நீரைக் கடத்தும் மென்கட்டை வளையமாக அமைந்துள்ளது. சைலம் எனப்படும் இக்கட்டையில், முந்தைய கோடையில் இலைகள் உருவாக்கிய மாவுப்பொருள் சேமிக்கப்பட்டு, குளிர்காலத்தில் சர்க்கரையாக மாறுகிறது. பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை இரவில் உறைபனியும் பகலில் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமும் மாறிமாறி வரும். இரவில் கட்டையினுள் நீர் உறையும்போது மரம் வேரிலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. பகலில் பனி உருகும்போது உள்ளே அழுத்தம் மிகுகிறது. அந்நேரம் அடிமரத்தில் ஒரு துளை இருப்பின் சாறு தானே வெளியே சொட்டுகிறது. ஆகவே தொழிலாளி செய்ய வேண்டியது, பருவத் தொடக்கத்தில் நிலத்தில் நின்றபடியே சுமார் 8 மில்லிமீட்டர் அகலமும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள துளையிட்டு ஒரு சிறு குழாயைச் செருகுவதே. அத்துளை அப்பருவம் முழுவதற்கும் போதுமானது.

பனைக்கு அத்தகைய உட்கட்டை வளையம் இல்லை. அதன் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வயிரம் புறத்தே உள்ளது. அடிமரத்தில் துளையிட்டால் சாறு வாராது. இனிப்பு செல்லும் பாதை புளோயம் எனப்படும் உணவுக்குழாய்களே. பூவும் காயும் வளர்வதற்காக மரம் தன் இனிப்பையெல்லாம் உச்சியில் உள்ள பாளைக்கு அனுப்புகிறது. அங்கே சென்று, அப்பாளையின் நுனியைச் சீவினால்தான் சாறு வடியும். மரம் தன் காயத்தை விரைவில் அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே ஒவ்வொரு நாளும் புதிதாகச் சீவ வேண்டும். சீவாத நாளில் வடிதல் குறையும். தொடர்ந்து சில நாள் விட்டுவிட்டால் பாளை வற்றிப்போகும்.

இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே இரு தொழில்களின் வரலாறும் பிரிகிறது. மேப்பிள் சாறு அடிமரத்தில் தானே வழிவது. மனிதன் அதை ஏந்திக்கொள்கிறான். பனைச்சாறோ உச்சியில், நாள்தோறும் ஒரு கை தொட்டால் மட்டுமே வடிவது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. வங்காளத்தில் ஈச்ச மரத்தின் கொண்டைக்குக் கீழே தண்டினைச் சீவிக் குளிர்காலத்தில் சாறு இறக்கி வெல்லம் காய்ச்சுவர். இலங்கையில் கித்துள் எனப்படும் கூந்தற்பனையின் பூங்கொத்தைச் சீவி எடுத்த சாற்றைப் பாணியாகக் காய்ச்சி எருமைத் தயிரில் ஊற்றி உண்பர். பாகாகவே நிறுத்தி உண்ணும் முறையில் மேப்பிளுக்கு மிக நெருங்கியது இக்கித்துள் பாணியே.

பாளையும் அரிவாளும்

பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை. ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் வழங்குவர். இரண்டிலும் சாறு இறக்கலாம். பெண்பனையில் பாளையைச் சீவினால் அப்பாளையில் நுங்கு கிடையாது. ஆகவே எம்மரத்தை நுங்குக்கு விடுவது, எம்மரத்தைப் பதநீருக்குக் கட்டுவது என்னும் முடிவைப் பருவத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். மரம் பாளை விடுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் அளவில் ஆகும். இன்று சீவப்படும் மரங்கள் முன்னோர் நட்டவை, அல்லது காத்தவை.

தை, மாசியில் பாளைகள் வெளிவரும்போது தொழில் தொடங்கி, ஆடி வரை நீடிக்கும். முதலில் மரத்தின் காய்ந்த ஓலைகளையும் பன்னாடைகளையும் நீக்கி, ஏறி நிற்க இடம் செய்வர். அடுத்துப் பாளையைப் பதப்படுத்துவர். மரத்தால் ஆகிய இடுக்கியைக் கொண்டு பாளையை மெல்ல நசுக்கி, பல நாள் பழக்கி, கதிர்களைச் சேர்த்துக் கட்டுவர். மிகுதியாக நசுக்கினால் பாளை அழுகிவிடும். குறைவாக நசுக்கினால் சாறு வாராது. ஆண்பாளைக்கும் பெண்பாளைக்கும், இளம்பாளைக்கும் முற்றிய பாளைக்கும் அழுத்தம் வேறு. இதனை எழுத்தில் வரையறுக்க இயலாது. பல ஆண்டுப் பழக்கத்தால் கை அறிவது.

பின்னர்க் கூரிய பாளை அரிவாளால் நுனியை மெல்லிய இதழாகச் சீவுவர். தடித்துச் சீவினால் பாளை பருவம் முடியுமுன்னே தீர்ந்துபோகும். சீவிய நுனி கலயத்தினுள் இருக்குமாறு மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவர். காலையும் மாலையும் ஏறிச் சீவுவது பொதுவழக்கம். காலையில் கலயத்துச் சாற்றை இறக்குவர்.

ஏறுவதற்குரிய கருவிகள் சிலவே. கால்களைப் பிணைக்கும் தளைநார், அடிமரத்தில் சார்த்தி முதல் ஏற்றத்திற்கு உதவும் முருக்குத்தடி, இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டி, சாற்றைச் சேர்த்து இறக்கும் குடுவை, சுண்ணாம்பு வைக்கும் சிறு பெட்டி ஆகியவை அவை. மரங்கள் பல, 20 மீட்டருக்கும் மேற்பட்டு உயர்ந்தவை. முப்பது, நாற்பது மரங்களை ஒருவர் பொறுப்பேற்றால், நாளொன்றுக்கு இருமுறை எனக் கொள்ளின் அறுபது, எண்பது ஏற்றங்கள் ஆகின்றன. ஒரு மரத்தின் ஏற்றம் 15 மீட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், நாற்பது மரங்களை இருமுறை ஏறுபவர் ஒரு நாளில் 1,200 மீட்டர் உயரம் ஏறி, அவ்வளவும் இறங்குகிறார். இராஜபாளையத்திற்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வுழைப்பின் அளவு விளங்கும். மழையில் மரம் வழுக்கும். காற்றில் உச்சி ஆடும். ஒரு நாள் நோயுற்றுக் கிடந்தாலும் பாளைகள் காத்திரா.

சுண்ணாம்பின் பணி

சாற்றை இறக்கிய உடனே காலத்தோடு போட்டி தொடங்குகிறது. பதநீரில் சுமார் 12 விழுக்காடு சர்க்கரை உள்ளது. அதிற்பெரும்பகுதி சுக்ரோஸ் எனப்படும் கரும்புச்சர்க்கரை வகையே. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் உள்ள நொதிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இதைவிடச் சிறந்த உணவில்லை. நம் வெயிலில் சில மணி நேரத்திற்குள் சுக்ரோஸ் சிதைந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிகிறது, அவை சாராயமாகின்றன, மேலும் விட்டால் புளித்துக் காடியாகின்றன. கள் என்பது இடைநிலை.

இதனைத் தடுக்கவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. அந்நிலையில் நொதிகளின் செயல் அடங்குகிறது, நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். குமரி மாவட்டத்தில் பதநீரை அக்கானி என்றும், யாழ்ப்பாணத்தில் கருப்பணி என்றும் வழங்குவர்.

அளவே இதில் முதன்மையானது. சுண்ணாம்பு குறைந்தால் சுக்ரோஸ் சிதையும். சிதைந்த சர்க்கரை கட்டியாக உறையாது. எவ்வளவு காய்ச்சினும் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதாவது காலையில் கலயத்தில் நேர்ந்த பிழை மாலையில் சிரட்டையில் தெரியும். சுண்ணாம்பு மிகுந்தால் நிறம் கறுத்துச் சுவை கெடும். எனவே இறக்கிய பதநீரைத் தெளியவைத்து, அடியில் தங்கிய சுண்ணாம்பை நீக்கி வடிகட்டுவர். பனையின் பன்னாடையே இயற்கையான வடிகட்டி. நன்னூல் மாணாக்கர் இயல்பு கூறுமிடத்தில் வரும் 'நெய்யரி' என்பதற்கு உரையாசிரியர்கள் பன்னாடை என்றே பொருள் கொண்டனர். வடிகட்டும் பன்னாடை, தமிழர் அன்றாட வாழ்வில் எவ்வளவு இயல்பான பொருளாக இருந்தது என்பதற்கு அவ்வுவமையே சான்று.

மேப்பிள் சாற்றுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. உறைநிலைக்கு அருகிலுள்ள குளிரே அதனைக் காக்கிறது. ஆயினும் பருவ இறுதியில் வெயில் ஏறும்போது அங்கும் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையைச் சிதைக்கின்றன. அந்நாள்களில் காய்ச்சும் பாகு கறுத்து, சுவை அழுத்தமாகிறது. பகை ஒன்றே, அங்கே தட்பவெப்பம் காவல், இங்கே மனிதன் தடவும் சுண்ணாம்பு காவல் என்பதே வேறுபாடு.

அடுப்பும் பதமும்

மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 விழுக்காடே. 1 லிட்டர் பாகு கிடைக்க ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். பதநீரிலோ சுமார் 8 லிட்டரில் 1 கிலோ அளவுக்குக் கருப்பட்டி கிடைக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு நீக்க வேண்டிய நீரைக் கணக்கிட்டால், மேப்பிளில் 48 லிட்டர் அளவும் பனையில் 7 லிட்டர் அளவும் வரும். அடுப்பின் சுமை பனைத்தொழிலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மேப்பிள் தொழிலின் பாரம் விறகில் இருக்கிறது. பனைத்தொழிலின் பாரம் ஏற்றத்தில் இருக்கிறது.

காய்ச்சும் பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்வர். பனங்காட்டில் ஓலையால் வேய்ந்த குடிலைத் தென்மாவட்டங்களில் விடிலி என்பர். அங்கே அகன்ற தாச்சியில் வடிகட்டிய பதநீரை ஊற்றிக் கொதிக்கவைப்பர். எரிபொருளையும் பனையே தருகிறது. காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை ஆகியவற்றோடு இம்மாவட்டத்தில் மலிந்த சீமைக்கருவேல விறகும் சேரும்.

கொதி ஏறும்போது நுரை பொங்கும். மேலே திரளும் அழுக்கை அகப்பையால் எடுத்து நீக்குவர். பொங்கி வழியாதிருக்க இடித்த ஆமணக்கு விதையைச் சிறிதளவு இடுவர். அதன் எண்ணெய்ப்பசை நுரையை அடக்கும். நுரையின் உருவமே காய்ச்சுபவருக்கு வெப்பமானி. முதலில் வெண்ணிறச் சிறு குமிழிகள். நீர் குறையக் குறையக் குமிழிகள் பருத்துச் செந்நிறமாகிக் கனத்து உடைகின்றன.

இவ்விடத்தில் மேப்பிளும் பனையும் மீண்டும் பிரிகின்றன. மேப்பிள் பாகு, நீர் கொதிக்கும் நிலையினும் 4 பாகை செல்சியஸ் மிகுதியான வெப்பத்தை எட்டியதும், அதாவது சர்க்கரை 66 விழுக்காடானதும், இறக்கப்படும். அதற்குக் குறைந்தால் பாகு கெடும்; மிகுந்தால் புட்டியில் கற்கண்டாகும். கருப்பட்டிக்கு அந்நிலையையும் கடந்து 118, 120 பாகை வரை செல்ல வேண்டும். வெப்பமானி இல்லாத விடிலியில், பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பர். கரைந்தால் பதம் வரவில்லை. உருண்டு நின்றால் பதம். பால்கோவா கிண்டுவோர் பால் சுருண்டு திரளும் கணத்தை அறிந்து இறக்குவதைப் போன்றதே இதுவும். பதம் தப்பினால் அடிபிடித்துக் கருகும்; அன்றைய ஏற்றம் அனைத்தும் வீணாகும்.

பதம் வந்த பாகைத் தாச்சியை இறக்கித் துடுப்பால் கிளறி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி உறையவிடுவர். சுக்கு, ஏலம் சேர்த்துச் சிறு வில்லைகளாக்கினால் சில்லுக்கருப்பட்டி. சற்று இளம்பதத்தில் நிறுத்தி, நூல்கள் தொங்கும் கலத்தில் ஊற்றிப் பல வாரங்கள் அசையாது வைத்தால் நூலைப் பற்றிப் படிகங்கள் வளரும், அது பனங்கற்கண்டு. யாழ்ப்பாணத்தில் ஓலைக் குட்டான்களில் ஊற்றி உறையவைப்பது பனங்கட்டி. கருப்பட்டியின் நிறமும் மணமும் சாற்றின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி உருவாக்குபவை. அதனை மருந்தெனக் கொள்வோர் உளர். கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை நீரிழிவு உடையோர் மறத்தலாகாது.

இயந்திரம் புகுந்த இடமும் புகாத இடமும்

மேப்பிள் தொழிலைத் தொடங்கியவர்கள் வட அமெரிக்கத் தொல்குடியினர். ஐரோப்பியர் அவர்களிடம் கற்று, வாளியும் இரும்புக் கொப்பரையும் கொண்டு தொடர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருமாற்றம் நிகழ்ந்தது. மரங்களை நெகிழிக் குழாய்களால் இணைத்து, சரிவின் வழியே சாறு தானே கொட்டகைக்கு வருமாறு செய்தனர். வெற்றிட எக்கி சேர்த்து விளைவைக் கூட்டினர். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையால், காய்ச்சுமுன்னே நீரின் பெரும்பகுதியை நீக்கி எரிபொருளை மிச்சப்படுத்தினர். இன்று உலக மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உருவாகிறது. தரப்படுத்தலும் கூட்டு விற்பனையும் அங்கு ஓங்கியுள்ளன.

இம்மாற்றங்களை நோக்கினால் அவை இரண்டு பாரங்களையே குறைத்தன என்பது விளங்கும்: சாற்றைச் சுமப்பது, நீரைச் சுண்டவைப்பது. பனையில் பாரம் இவ்விரண்டிலும் இல்லை. மரமேறும் கருவிகள் வந்துள்ளன. அவை ஏற்றத்தின் இடரைக் குறைக்க உதவலாம். ஆயின் உச்சியில் பாளையின் இளமை அறிந்து நசுக்குவதையும், இதழாகச் சீவுவதையும், கலயத்தில் சுண்ணாம்பின் அளவு அறிந்து தடவுவதையும் அவை செய்யா. ஆகவே கனடாவின் வழியை அப்படியே பின்பற்றிப் பனைத்தொழிலை மீட்கலாம் என்று கருதுவது பொருந்தாது. இங்கே மீட்கப்பட வேண்டியவர் தொழிலாளரே.

அவர் ஏன் விலகுகிறார் என்பதும் எளிதில் விளங்கும். 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது முதல் இவ்வூர் நூற்பாலை நகராக வளர்ந்தது. அருகே சிவகாசியில் அச்சகமும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் உள்ளன. ஆண்டில் ஆறு மாதம் மட்டும் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலைவிட மாதச் சம்பளத்தை ஓர் இளைஞர் விரும்புவதில் வியப்பில்லை.

சட்டமும் சந்தையும்

பனைத்தொழில் நெடுங்காலமாகக் கள்ளின் நிழலில் வைத்தே பார்க்கப்பட்டது. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்குவோர்க்கு மாற்றுத் தொழிலாகப் பனைவெல்லம் முன்வைக்கப்பட்டது. காந்தியடிகளும் கிராமத் தொழில் இயக்கத்தின் பகுதியாக அதனை வலியுறுத்தினார். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுகிறது. பதநீர் இறக்க இசைவு உண்டு. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு ஒன்றே இசைவுக்கும் குற்றத்திற்கும் எல்லையாகிறது. வெயில் மிகுந்த நாளில் சுண்ணாம்பு சற்றுக் குறைந்து சாறு புளித்துவிட்டால், பனையேறிக்கு நேர்வது இழப்பு மட்டுமன்று, அச்சமுமாகும்.

அண்மை ஆண்டுகளில் சில நல்ல மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2021ஆம் ஆண்டு தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவித்தது. பனை விதைகள் வழங்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. இவை மரத்தையும் பெயரையும் காப்பன. மரம் நின்றும் ஏறுவாரின்றேல் கருப்பட்டி இல்லை.

ஏறுபவரின் கூலியை அழிப்பது கலப்படம். வெள்ளைச் சர்க்கரையைப் பாகில் கலந்து சிரட்டையில் ஊற்றினால் தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஏற்றமும் சுண்ணாம்பும் இல்லாத அப்பொருள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, முழுதும் பதநீரால் காய்ச்சியவர் தம் விலையைச் சொல்லவே தயங்குகிறார். உடைத்துப் பார்த்தும் சுவைத்தும் அறியும் வழக்கங்கள் பல கூறப்பட்டாலும், அவை வழக்காடு மன்றத்தில் நிற்பவை அல்ல.

இங்கே மேப்பிள் தொழிலிலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. பனையும் மேப்பிளும் சி-3 வகை ஒளிச்சேர்க்கை உடையவை; கரும்பு சி-4 வகை. இவ்விருவகைத் தாவரங்களும் காற்றிலுள்ள கரிமத்தின் எடைமிகுந்த வகையான கரிமம்-13ஐ வெவ்வேறு விகிதத்தில் ஏற்கின்றன. அவ்விகிதம் சர்க்கரையிலும் அப்படியே பதிந்திருக்கும். காய்ச்சினாலும் வடிகட்டினாலும் மாறாது. மேப்பிள் பாகிலும் தேனிலும் கரும்புச்சர்க்கரை கலந்துள்ளதா என்பதை இவ்விகிதத்தை அளந்தே ஆய்வகங்கள் கண்டறிகின்றன. நம் நாட்டு வெள்ளைச் சர்க்கரை கரும்பிலிருந்தே வருவதால், அதே நெறி கருப்பட்டிக்கும் பொருந்தும். வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து கலப்பில்லாத கருப்பட்டியைத் திரட்டி, அதன் இயல்பான விகித எல்லையை முதலில் வரையறுத்தல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகங்களும் உணவுப் பாதுகாப்புத் துறையும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

முடிவுரை

மேப்பிள் சாறு அகக்காழ் மரத்தின் அடியில் தானே வழிவது. குளிர் அதனைக் காக்கிறது. அதன் பாரம் அடுப்பில் உள்ளது. பனைச்சாறு புறக்காழ் மரத்தின் உச்சியில் நாள்தோறும் சீவினால் மட்டும் வடிவது. சுண்ணாம்பு அதனைக் காக்கிறது. அதன் பாரம் ஏற்றத்தில் உள்ளது. முன்னதன் பாரத்தைக் குழாயும் எக்கியும் குறைத்தன. பின்னதன் பாரத்தைக் குறைக்கும் இயந்திரம் இல்லாமையால், அத்தொழில் நிலைக்க ஒரே வழி, ஏறும் கைக்கும் காய்ச்சும் கைக்கும் உரிய விலை சென்றுசேர்வதே. அதற்குக் கலப்படத்தை மெய்ப்பிக்கும் சோதனை இன்றியமையாதது.

தமிழாய்வாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பாளையின் வளர்நிலைகள், சீவும் முறைகள், நுரையின் வடிவங்கள், பாகின் பதங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இத்தொழிலில் வழங்குகின்றன. சேத்தூர்ப் பக்கத்து வழக்கும் வத்திராயிருப்புப் பக்கத்து வழக்கும் உடன்குடி வழக்கும் ஒன்றாயிரா. தொழில் செய்வோர் இருக்கும்போதே, விடிலியின் அருகே அமர்ந்து அச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தால் ஒரு பனை மீண்டும் பாளை விடும். பாளையை நசுக்கும் அழுத்தத்தை அறிந்த கையும் அதற்குரிய சொல்லும் மறைந்தால் அவ்வாறு மீண்டும் முளைப்பதில்லை.